பிள்ளை பெற்றவளின் மருந்து

விஜயலக்ஷ்மிக்கு முதல் பாட்டில் அரிஷ்டத்தை வாங்கிக் கொடுத்தது அவளுடைய நாத்தனார்தான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிள்ளை பெற்ற உடம்பு தேற வேண்டும், பசி எடுக்க வேண்டும், ராத்திரி தூக்கம் வர வேண்டும். அதற்கு எல்லா வீட்டிலும் கொடுக்கிற மருந்துதான் அது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஸ்பூன், அதே அளவு வெந்நீர் கலந்து. 1979-ஆம் வருஷத்து மழைக்காலம். பம்பாயில், மாதுங்காவில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் மாடிப்படிச் சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது. வீட்டில் மருந்து இருந்தது, வெந்நீர் இருந்தது, பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்த துணிகள் இருந்தன. குழந்தை மட்டும் இல்லை.

பெண் குழந்தை. மாசம் நிறைந்து, வலி எடுத்து, நர்ஸிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உயிரில்லாமல் பிறந்தது. விஜயலக்ஷ்மி அப்போது மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது கட்டிலை ஒட்டி இருந்த தொட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் மனசில் ஒட்டிக்கொண்டுவிடும், பார்க்காமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நாத்தனார் சொல்ல, வந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அவளுடைய கணவர் பஞ்சாபகேசன் வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்ததை வாங்கிக்கொண்டு ஆபீஸ் சிநேகிதர் ஒருவரோடு டாக்ஸியில் போனார். திரும்பி வந்து குளித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். சொன்னால் அவள் உடைந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். இது இரண்டு பேருக்கும் தெரியவந்தது எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.

அவள் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஹார்பர் லைன் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து, சிநேகிதிகளுக்கும் கைக்குட்டை போட்டு வைத்து, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தவள். பஞ்சாபகேசன் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான பிறகும் அவள் வேலையை விடவில்லை, கர்ப்பமான பிறகுதான் விட்டாள். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பச் சேரலாம் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் குழந்தையும் இல்லாமல் போனது, வேலையும் இல்லாமல் போனது. காலையில் அவர் படியிறங்கிப் போன பிறகு சாயங்காலம் வரை அவளுக்குப் பேச ஆள் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் குழந்தைப் பேச்சை எடுக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். அந்தப் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே கதவைச் சாத்திவைத்தாள்.

அரிஷ்டம் இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். உள்ளே போனதும் தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கதகதப்பு இறங்கும். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனத்த அந்த வாரங்களில் அந்தக் கதகதப்பு ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். இரண்டு ஸ்பூன் நாலாயிற்று. பிறகு ஸ்பூன் எதற்கு என்று டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். பொருள்களைப் புளிக்கவைத்துச் செய்கிற மருந்து அது, அதில் தானாகவே சாராயச் சத்து ஊறியிருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் பிராந்தி பாட்டிலைக் கையால் தொட்டதில்லை. குடிகாரர்கள் என்றால் சம்பள நாளன்று ரோட்டில் விழுந்து கிடப்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரே கடையில் அடிக்கடி வாங்கக் கூச்சமாக இருந்ததால் அவள் வெவ்வேறு கடைகளுக்குப் போகத் தொடங்கினாள். கிங்ஸ் சர்க்கிளில் ஒன்று, சயானில் ஒன்று, தாராவியில் ஒன்று. எங்கே போனாலும் வீட்டில் பிரசவம் ஆகியிருக்கிறது என்று சொல்வாள். கடைக்காரர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்பார்கள். என்ன குழந்தை? பெண் குழந்தை. யாருக்கு? எனக்குத்தான்.

தாராவிக் கடை ஜெயினுலாப்தீனுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், வயதானவர், நாட்டு மருந்துக் கடை. மற்ற கடைக்காரர்கள் கேட்டதை மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. அடுத்த தடவை போனபோது பிள்ளை பால் குடிக்கிறதா என்று விசாரித்தார். அவள் குடிக்கிறது என்றாள். இன்னொரு நாள், குப்புற விழுந்தாயிற்றா என்றார். விழுந்தாயிற்று என்றாள். அங்கிருந்து திரும்பி நடக்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பாட்டிலைத் திறக்கும் முன்பே அப்படி இருந்தது. பிறகு மருந்து தீராவிட்டாலும் அந்தக் கடைக்குப் போனாள். பல் முளைத்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தயிர் சாதம் என்றால் ஓடிவிடுகிறாள் என்று சொன்னாள். அவர் பிள்ளைக்கு என்று வசம்பு ஒரு துண்டு, கற்கண்டு ஒரு பொட்டலம் கொடுப்பார். பம்பாய் முழுவதிலும் அந்த ஒரு கடையில் மட்டும் அவளுடைய மகள் வளர்ந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் நடந்தது வேறு. அடுப்பில் வைத்தது தீய்ந்தது. பகல் முழுவதும் தூங்கினாள். காலையில் எழுந்ததும் கை நடுங்கியது, ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் காபி கலக்க முடிந்தது. செம்பூரில் அம்மா வீட்டுக்குப் போவது நின்றது. காலிப் பாட்டில்களைக் கழுவி அரிசி டின்னுக்குப் பின்னால் அடுக்கி, பஞ்சாபகேசன் ஆபீஸ் போனதும் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். அவளுக்கு உடம்பு தேறவே இல்லை, ஏதோ ரத்தக் குறைவு என்று அவர் நினைத்தார். டானிக் நிறையக் குடிக்கிறாளே என்றுகூட அவருக்குச் சந்தோஷம்.

அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. 1984 மே மாசம் பஞ்சாபகேசனின் தம்பிக்கு மெட்ராஸில் கல்யாணம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நாத்தனார் பம்பாய் வந்திருந்தாள். அவள் விஜயலக்ஷ்மியிடம், உன் மேல் என்னவோ புளித்த வாசனை வருகிறதே என்று சாதாரணமாகச் சொன்னாள். விஜயலக்ஷ்மிக்கு அது சுட்டுவிட்டது. கல்யாண வீட்டில் நாலு பேர் அப்படிச் சொன்னால் என்ன ஆவது? அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி ஏறும்போது அவள் பெட்டியில் ஒரு பாட்டிலும் இல்லை. நானாகவே விட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே துணிச்சலானது அதுதான். அதுவே அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று நினைத்தாள். மறுநாள் குண்டக்கல் தாண்டியதும் கை டம்ளரைப் பிடிக்க மறுத்தது. ஜன்னல் கம்பியில் எறும்புகள் சாரி சாரியாக ஏறின. துடைக்கத் துடைக்க வந்தன. பஞ்சாபகேசன் அங்கே எறும்பே இல்லை என்றார். ரேணிகுண்டாவுக்கு முன்னால் அவளுக்கு வலிப்பு வந்தது. எதிர் சீட்டுக்காரர் சாவிக் கொத்தை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் அம்மன் பெயரைச் சொன்னார். பஞ்சாபகேசன் அவள் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டு, மெட்ராஸ் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, உங்கள் மனைவி தினமும் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டார். பஞ்சாபகேசனுக்குக் கோபத்தில் வாய் குழறியது. எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கத்தினார். டாக்டர் உள்ளே போய்க் கட்டிலில் கட்டிப்போட்டிருந்த விஜயலக்ஷ்மியிடம் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். அவள் கூரையைப் பார்த்தபடி, அரிஷ்டம் என்றாள்.

கல்யாணம் அவர்கள் இல்லாமலே நடந்தது. உறவுக்காரர்களிடம் அவளுக்கு ஃபிட்ஸ் என்று சொல்லிவைத்தார்கள். பம்பாய் திரும்பியதும் பஞ்சாபகேசன் வீடு முழுவதும் தேடி, இருந்த பாட்டில்களையெல்லாம் ஸிங்க்கில் கவிழ்த்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இனிமேல் இல்லை என்று சொன்னாள், உண்மையாகவே சொன்னாள். மழைக்காலம் முழுவதும் தாக்குப்பிடித்தாள். தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னால், கடைத்தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாவாடை பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு தாயைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எப்படி நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. தாராவிக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயினுலாப்தீன் பாட்டிலை எடுக்கவில்லை. அவளுடைய மஞ்சள் பாய்ந்த கண்ணையும் வீங்கிய பாதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போற வயசாச்சேம்மா. பெத்தவளுக்குக் கொடுக்கிற மருந்து இன்னும் எதுக்கு?"

அவள் பாட்டில் இருந்த அலமாரியையே பார்த்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"என் மருமவன் ஜமால் இப்படித்தான். அவன் குடிச்சது வேற, ஆனா கண்ணு இதே கண்ணுதான். இனி இந்தக் கடையில ஒங்களுக்கு நான் தர மாட்டேன். ஆசுபத்திரிக்குப் போங்க."

அவள் போகவில்லை. வேறு கடைக்குப் போனாள். ஆனால் அந்த வழியாக அதன் பிறகு நடக்கவே முடியவில்லை. மருந்து மறுக்கப்பட்டது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகளை விசாரிக்க இருந்த ஒரே மனிதரும் போய்விட்டாரே என்றுதான் அழுதாள்.

அடுத்த வருஷம் வயிறு உப்பி, ரத்தமாக வாந்தி எடுத்தாள். பஞ்சாபகேசன் சயானில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே டாக்டர் வாக்ளே என்கிற மராட்டிக்காரப் பெண்மணி அவளைப் பார்த்தார். நரைத்த கொண்டை, கதர்ப் புடவை, அவசரமே இல்லாத பேச்சு. கல்லீரல் கெட்டிருக்கிறது, ஆனால் முழுசாகப் போய்விடவில்லை, இத்தோடு நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். திடீரென்று நிறுத்தினால் ரயிலில் வந்ததுபோல மறுபடி வலிப்பு வரும், அதனால் ஆஸ்பத்திரியிலேயே வைத்து, நடுக்கம் வராமலிருக்க மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

தெளிந்த பிறகு டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிறையக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாராவது குடித்தார்களா என்று கேட்டார். வீட்டில் யாரும் பெயரைச் சொல்லாத சித்தப்பா ஒருவர் விஜயலக்ஷ்மிக்கு நினைவு வந்தார். சில உடம்புகளுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அது குணக்கேடு இல்லை, நோய் என்றார் டாக்டர். நோய் என்பதால் சும்மா இருந்தால் போகாது, இனி அரிஷ்டம் மட்டுமல்ல, இருமல் மருந்தானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் குடிக்க வேண்டும், ஒரு ஸ்பூன் போதும் எல்லாம் திரும்பத் தொடங்க என்றார். பிறகு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு என்றாள் விஜயலக்ஷ்மி. குழந்தைக்கு இப்போது என்ன வயது என்று டாக்டர் சகஜமாகக் கேட்டார்.

"இல்லை" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான். பஞ்சாபகேசன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற ஒரு மீட்டிங் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, அங்கே போ என்றார் டாக்டர். வீட்டில் இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு கூட்டம் உண்டு என்று பஞ்சாபகேசனிடம் சொன்னார். தனக்கு எதற்கு, தான் குடிக்கவில்லையே என்றார் அவர். இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் ஏதாவது ஆகாமலா இருக்கும் என்று டாக்டர் கேட்டார். அவர் அந்தக் கூட்டத்துக்குப் போனார்.

அவளுடைய மீட்டிங் நடந்தது ஒன்றாம் வகுப்பு அறையில். குட்டையான பெஞ்சுகள். சுவரில் பிள்ளைகள் கலர்ப் பென்சிலில் வரைந்த சூரியனும் தென்னை மரமும். வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர், டாக்ஸி டிரைவர், கோர்ட் கிளார்க். முழங்காலை மடக்கிக்கொண்டு அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து ஹிந்தியிலும் மராட்டியிலும் தங்கள் கதையைச் சொன்னார்கள். விஜயலக்ஷ்மி தன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவர்கள் பேசுவது காதில் விழாது. இந்த பெஞ்சில் தினமும் யார் உட்காருவார்கள், ஜன்னலோரம் இடம் கேட்டு அழுவார்களா என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் ஒரு வாரமும் தவறவில்லை.

சில மாசம் கழித்து பேராச்சி வந்தாள். தாராவியில் தோல் துண்டு பிரிக்கிற வேலை. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. வந்த முதல் நாளே எழுந்து நின்று, உடைந்த ஹிந்தியில், தான் ஒரு குடிகாரி, புருஷன் வெயிலுமுத்து செத்த பிறகு குடிக்காமல் தூங்கியதில்லை, மகளை அண்ணன் உல்லாஸ்நகருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், பார்க்கவும் விடமாட்டேன் என்கிறான் என்று மளமளவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். விஜயலக்ஷ்மி பிரமித்துப் போய் அவளையே பார்த்தாள். கூட்டம் முடிந்ததும் பேராச்சி நேரே அவளிடம் வந்தாள்.

"நீங்க தமிழ்தானக்கா? நீங்க என்னத்தக் குடிச்சிய?"

"அரிஷ்டம்" என்றாள் விஜயலக்ஷ்மி, சிரிக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்து.

பேராச்சி சிரிக்கவில்லை. தனக்கும் பிரசவத்தில்தான் முதலில் கொடுத்தார்கள், உடம்பு வலிக்கு மாமியார் கருப்பட்டியோடு சாராயம் ஊற்றினாள் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடப்பது வழக்கமாயிற்று. நடக்கும்போது பேராச்சி தன் மகளைப் பற்றிப் பேசுவாள். ஆறாவது படிக்கிறாள், அம்மாவிடம் தமிழில் பேசக்கூட வெட்கம், ஹிந்திதான், கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். பேசிக்கொண்டே வந்தவள் ஒரு நாள் நின்று கேட்டாள்.

"ஒங்க புள்ள மொகம் யாரு மாதிரிக்கா?"

"நான் பாக்கலை. காட்டலை. அவர்தான் பாத்தார்."

"அவியட்ட நீங்க கேக்கலியா?"

விஜயலக்ஷ்மிக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. கேட்கலாம் என்று ஏன் தோன்றவே இல்லை என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தாள். கேட்பதற்கு இன்னும் பல நாளாயிற்று. ஒரு நாள் காலை, பஞ்சாபகேசன் ஆபீஸுக்குக் கிளம்பிக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கேட்டாள்.

"ஏன்னா, அவ எப்படி இருந்தா?"

யார் என்று அவர் கேட்கவில்லை. கடிகாரத்தின் வார் பாதி மாட்டியபடி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"தலை நெறைய முடி" என்றார். "ஈரமா நெத்தியில ஒட்டிண்டிருந்தது. காது ஒன்னோடதுதான், அந்த மடிப்புக்கூட. ஒதடு என் அம்மாவோடது. கண்ணு மூடியிருந்தது, அதனால தெரியலை. வெரல் ரொம்ப நீளம், விஜி. டாக்ஸியில போறச்சே துண்டை வெலக்கிப் பாத்தேன். ஒன்ன மாதிரி டைப் அடிப்பாள்னு நெனச்சிண்டேன்."

அவள் சொல்லுங்கோ என்று மட்டும் கையால் காட்டினாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். டாக்ஸி டிரைவர் ஒரு பஞ்சாபிக்காரன், வாடகை வாங்க மறுத்துவிட்டான். குழியில் இறக்கும்போது மழை வந்தது. நனையக் கூடாது என்று தன் சட்டையைக் கழற்றி மேலே போட்டுவிட்டு, சிநேகிதரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டு அங்கேதான் போய் நின்றுவிட்டு வருவார். அன்று அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள், மத்தியானம் சாதம் வடித்துச் சாப்பிட்டார்கள், அவர் அப்படியே அயர்ந்து தூங்கிவிட்டார்.

மனசில் இருந்ததைப் பேசிவிட்டால் ஆசை அடங்கிவிடும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவர் தூங்கிய அந்த மத்தியானத்தில் விஜயலக்ஷ்மிக்கு வந்த தாகம், அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இதுவரை முகமில்லாத குழந்தைக்காக ஏங்கினாள். இப்போது நெற்றியில் ஒட்டிய முடி இருந்தது, விரல் இருந்தது, காது மடிப்பு இருந்தது. கண்ணாடியில் தன் காதைப் பார்க்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மருந்துக் கடை இருந்த முனை வரை போய்விட்டாள். மீட்டிங்கில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஆசை வந்தால் தனியாக நிற்காதே, எங்களில் ஒருத்தரிடம் போ என்று. அவள் திரும்பித் தாராவிப் பக்கம் நடந்தாள்.

பேராச்சி ஒரு சந்தில், தகரக் கூரைக்குக் கீழே, தோல் துண்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். விஜயலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்காமல், ஒரு சாக்கை உதறிப் பக்கத்தில் விரித்தாள். கறுப்பை இந்தப் பக்கம் போடுங்க, பழுப்பை அந்தப் பக்கம் என்றாள். விஜயலக்ஷ்மி புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து பிரித்தாள். தோல் நாற்றமும் பசை நாற்றமும் தலையைச் சுற்றவைத்தன. சாயங்காலம் வரை பிரித்தாள். நடுவில் ஒரு தடவை, காது என்னுடையதாம் என்று சொன்னாள். பேராச்சி தலையை ஆட்டிவிட்டு ஒரு டீ சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பஞ்சாபகேசன் பேராச்சியின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவள் விரலெல்லாம் சாயம். ஆசை எந்த நேரத்தில் விலகியது என்று அவளுக்குத் தெரியவில்லை. விலகியிருந்தது.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதால், அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். சின்னக் குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் புதுச் சுவர் ஒன்று எழும்பியிருந்தது. போன வருஷம் இது இல்லை என்றார். வேப்ப மரத்திலிருந்து இந்தப் பக்கம் என்றார், பிறகு இல்லை, அந்தப் பக்கம் என்றார். காவலாளிக்கும் தெரியவில்லை. விஜயலக்ஷ்மி பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தரை முழுவதும் உதிர்த்துத் தூவினாள். எங்கே இருந்தாலும் ஒரு பூவாவது கிட்டே விழுந்திருக்கும் என்று அவர் சொன்னார். அவள் நம்பினாளா என்று தெரியாது, சரி என்றாள்.

பேராச்சி ஒரு மழைக்காலத்தில் மறுபடி குடித்தாள். மகளைப் பார்க்க உல்லாஸ்நகர் போய், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட நாள் அது. இரண்டு மாசம் மீட்டிங்குக்கு வரவில்லை. விஜயலக்ஷ்மி அவளைத் தேடிப்பிடித்து, டாக்டர் வாக்ளேயிடம் அழைத்துப் போனாள். அதன் பிறகு பேராச்சி குடிக்கவில்லை. மகள் இன்னும் அவளோடு வந்து தங்கவில்லை. கணபதி பண்டிகைக்கும் பொங்கலுக்கும் வந்து அரை நாள் இருந்துவிட்டுப் போகிறாள்.

1988-இல் பஞ்சாபகேசன் டோம்பிவிலியில் சின்ன வீடு ஒன்று வாங்கினார். விஜயலக்ஷ்மி தாதரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கல்லீரலுக்குப் பத்தியச் சாப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு மட்டும் அத்தனை தூரம் வண்டியேறி வருகிறாள்.

போன மார்ச் மாசம், சாயங்கால வண்டியில், பெண்கள் பெட்டியில், அவள் பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண் உட்கார்ந்தாள். பத்து வயது இருக்கும். பரீட்சைக் களைப்போ என்னவோ, தானே ஸ்டேஷன் தாண்டுமுன் தூங்கிவிட்டாள். தலை சரிந்து விஜயலக்ஷ்மியின் தோளில் விழுந்தது. எண்ணெய் வழிந்த கெட்டியான பின்னல். மும்பிரா சுரங்கத்துக்குள் வண்டி இருட்டில் போகும்போது அவள் அந்தப் பெண்ணின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் மரத்துப்போயிற்று. டோம்பிவிலி வந்தது. கூட்டம் இறங்கியது, ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை. கல்யாண் ஸ்டேஷனில் அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்து, "ஸாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

விஜயலக்ஷ்மி பிளாட்பாரம் மாறி, எதிர் வண்டி பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். பஞ்சாபகேசன் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இத்தனை நேரம் என்று கேட்டார். வண்டி லேட் என்று சொல்லியிருக்கலாம். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ரசத்தைச் சுடவைத்தார்.